சங்கிலியின் இந்தப் பக்கம்

5-6-67, திங்கள்

காலை ஷிப்டு முடிந்து வந்து ஜிம்மியை வெளியே கூட்டிப்போனேன். குழாயடி நூறு கஜம்தான். போய்வருவதற்குள் மூன்று தடவை எகிறியது. முதலில் எதிர் லைன் வீடுகளில் திரிகிற செவலை நாய். அப்புறம் சைக்கிளில் போன ஒருவன். மூன்றாவது யாரைப் பார்த்து என்று எனக்கே தெரியவில்லை. பின்னங்காலில் நின்று, கழுத்து நெரிய, நுரை தள்ளக் குரைக்கிறது. மணிக்கட்டில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். தோல் உரிந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்தால் பரம சாது. சங்கிலியைக் கழற்றியதும் கங்கம்மாவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் அதனிடம், "ஜிம்மி, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்றாள். நான் போய்ச் சாப்பிட்டேன்.

இந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. மகன் வாசு போய்ப் பத்து மாதம். அன்றிலிருந்து என் பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அரிசி தீர்ந்தாலும், அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் வாசுவின் நாயிடம்தான் சொல்வாள். நான் காதில் வாங்கிக்கொள்வேன். அவள் வாசலையும் தாண்டுவதில்லை. இந்த நாயும் போய்விட்டால் வீட்டில் அந்தக் குரல்கூடக் கேட்காது. அதுதான் என் பயம். வேறு பயம் எதுவும் மிச்சமில்லை.

8-6-67, வியாழன்

காத்தவராயனைப் போய்ப் பார்த்தேன். முன்பு ஒரு துரை பங்களாவில் நாலு நாய்களைப் பார்த்துக்கொண்டவன். வந்து பார்த்தான், பீடி பிடித்தான், தீர்ப்புச் சொன்னான். "சங்கிலி நீளம். ஒரு முழம் போதும். எகிறுச்சுன்னா மூக்கு மேலயே ஒண்ணு வெய்யி. துரை நாயே அடங்கிச்சி, இது இன்னா ஜுஜுபி."

கையில் சுற்றிப் பிடித்து ஒரு முழமாக்கிவிட்டேன்.

10-6-67, சனி

ஒரு முழச் சங்கிலியில் இன்னும் மோசம். நாய் குரைப்பதைக் கேட்டு லைனில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சங்கிலி இல்லாமல் விடலாம் என்றால், சங்கிலி இல்லாத நாயைக் கண்டால் சானிட்டரி வண்டி கம்பி வளையம் போட்டுப் பிடித்துப்போகும். அந்த வண்டியில் போன எந்த நாயும் திரும்பி வந்ததில்லை.

வாசு இதைக் கொடிக்கயிற்றுத் துண்டில் கட்டிக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷன் வரை போய்வருவான். ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. எஜமான் செத்த துக்கத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள் எல்லோரும். இருக்கலாம். யாருக்குத்தான் பிடிக்கவில்லை.

13-6-67, செவ்வாய்

கடித்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தங்கவேலு. ஷிப்டுக்குப் போக வெளியே வந்தவர், நானும் நாயும் நிற்பதைப் பார்க்கவில்லை. கெண்டைக்கால் சதை. பல் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பதினாலு ஊசி என்று சொல்லிவிட்டார்கள்.

"வாசு நாயாச்சேன்னுதான் இத்தினி நாளு பொறுத்தோம், சம்பங்கி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

14-6-67, புதன்

சானிட்டரி மேஸ்திரி தசரதன் வந்தார். தங்கவேலு புகார் கொடுக்கவில்லை, லைனில் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்தான், திண்டாடித் திண்டாடிச் சொன்னார். "ஒரு மாசம் டைம் தர்றேன். ஜூலை பதினஞ்சாந் தேதி நானே வருவேன். நாய குழாயடி வரைக்கும் நடத்திக் காமிங்க. எகிறுச்சுன்னா வண்டியில ஏத்திடுவேன். எம்மேல வருத்தப்படக் கூடாது."

உள்ளே கங்கம்மாவின் கையிலிருந்து டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

16-6-67, வெள்ளி

இதை எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

இன்றைக்கும் செவலையைப் பார்த்து எகிறியது. நான் சங்கிலியின் மறுமுனையால் அடித்தேன். ஒன்றிரண்டு இல்லை. எண்ணவில்லை. அது குரைப்பதை நிறுத்திவிட்டு மண்ணில் ஒட்டிப் படுத்த பிறகும் அடித்தேன். எதற்கு அடித்தேன்? யாரை அடித்தேன்? சனியனே நீ ஏன் இருக்கே, நீ ஏன் இருக்கே என்று கத்தியிருக்கிறேன். தங்கவேலுதான் நொண்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

வீட்டில் இன்று எனக்குச் சாப்பாடு வைத்திருந்தது. ஆனால் சோறு ஆறுகிறது என்று யாரிடமும் யாரும் சொல்லவில்லை.

17-6-67, சனி

ராபர்ட்சன்பேட்டை மாட்டாஸ்பத்திரி. டாக்டர் வெறி இல்லை என்றார். இந்தக் குணத்துக்கு மருந்து கிடையாது, வேண்டுமானால் வலிக்காமல் ஊசி போட்டுவிடலாம், அரை நிமிஷம் என்றார். நான் எழுந்துவிட்டேன்.

வெளியே கம்பவுண்டர் பின்னாலேயே வந்தார். பேத்தமங்களாவில் ராஜப்பா என்று ஒருவர் இருக்கிறாராம். பட்டாளத்தில் நாய் பழக்குகிற வேலை. காலில் அடிபட்டு ஊரோடு வந்து பயிர் வைத்திருக்கிறார். "நாய்க்கு வாத்தியாருன்னா இந்தப் பக்கம் அவரு ஒருத்தருதான்" என்றார்.

நாய்க்கு வாத்தியார் தேடி அலைகிறேன். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு அலைந்தேனா?

18-6-67, ஞாயிறு

பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். விடிந்ததும் கிளம்பி நடந்தே போனோம். எதிரில் ஆள் வந்தால் வயலில் இறங்கி, நாய் வந்தால் திரும்பி நடந்து, ஏரிக்கரைக்குப் போய்ச் சேர ஒன்பது மணி.

ராஜப்பாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். என்னைவிடச் சின்னவர். நாயை அவர் தொடவே இல்லை. சங்கிலியோடு என்னைக் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார். அவருடைய நாய் ஒன்று தூரத்தில் கட்டியிருந்தது. ஜிம்மி வழக்கம்போல ஆடித் தீர்த்தது.

பிறகு அதைக் களத்தில் கட்டிப்போட்டுவிட்டு, சங்கிலியின் நாய்ப் பக்கத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பக்கம் நான். "சும்மா நடங்கண்ணா" என்றார். பட்டாளத்துக்காரர் நாய் மாதிரி என் பின்னால் வருகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தடி போனதும் நின்றார்.

"இப்ப இன்னா பாத்தீங்க?"

"வேலி ஓரம் ஒரு நாய்."

"நான் கண்ண மூடிக்கினு கீறேன். எனக்கு எப்படித் தெரிஞ்சிது? நீங்க இழுத்தீங்க. நாய் பாக்கறதுக்கு முன்னாடி நீங்க பாத்துடறீங்க, ஒங்க கை இழுத்துடுது. ஏதோ ஆபத்து வருதுன்னு அதுக்குச் சொல்லிடறீங்க. அது ஒங்களக் காப்பாத்தத்தான் பாய்து. நாய்க்கு ஒண்ணுமில்லண்ணா. சங்கிலி இந்தப் பக்கந்தான் சரியில்ல."

சங்கிலியை முழு நீளமும் விட்டு, தரையைத் தொடுகிற மாதிரி தளர்த்திப் பிடிக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. பத்துத் தடவை சொன்னார், பத்துத் தடவையும் விரல் தானாக இறுகியது. என்ன வேலை என்று கேட்டார்.

வைண்டிங் என்ஜின் டிரைவர் என்றேன். இருபத்தோரு வருஷம். சுரங்கத்தில் ஆள் இறங்குகிற கூண்டு என் கையில்தான் ஏறி இறங்குகிறது. கயிறு தொய்ந்தது என்றால் கூண்டு எங்கோ சிக்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடி விடுபட்டு விழும், கயிறு அறும். வேலையில் சேர்ந்த அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். தொய்ய விடாதே.

மற்றதை ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். போன ஆகஸ்டில் பாறை வெடித்த அன்றைக்கு நான்தான் என்ஜினில். கீழேயிருந்து மெதுவாக ஏற்று என்று மணி வந்தது. யாரோ அடிபட்டிருக்கிறான் பாவம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல், பூப்போல ஏற்றினேன். வேலை சுத்தமாக இருந்தது. ஷிப்டு முடிந்து வெளியே வந்த பிறகுதான் அது யார் என்று சொன்னார்கள். "நீதான மேல இழுத்துகினு வந்த" என்று கங்கம்மா கேட்டாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. வாசுவைச் சுரங்க வேலையில் சேர்த்ததும் நான்தானே. அதையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

ராஜப்பா உள்ளே போய்ச் சொம்போடு வந்தார். மோர் கொடுத்தார். செய்யவேண்டியதைச் சொன்னார். எதிரி நாயைப் பார்க்கவும் வேண்டும், குரைக்கவும் கூடாது, அப்படி ஒரு தூரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கவேண்டும். அங்கேயே நிற்கவேண்டும். சும்மா பார்த்தால் ஒரு துண்டு ஈரல். உடம்பு விறைத்தால் திரும்பி நடந்துவிட வேண்டும். நாளுக்கு ஒரு அடி கிட்டே வந்தால் போதும். அடிக்கக் கூடாது.

அடித்ததை மட்டும் நான் சொல்லவில்லை.

22-6-67, வியாழன்

தங்கம் எடுத்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டு ஓரம். செவலைக்கும் எங்களுக்கும் எண்பது அடி. என் கை இழுத்தது. எகிறியது.

25-6-67, ஞாயிறு

நூறு அடி. அதே கதை. சங்கிலியை நான் ஆணியிலிருந்து எடுத்தாலே மூலையில் போய் நடுங்குகிறது.

2-7-67, ஞாயிறு

மறுபடி பேத்தமங்களா. நான் சங்கிலியை எடுத்ததும் ஜிம்மி பதுங்கியதை ராஜப்பா பார்த்துவிட்டார்.

"அடிச்சீங்களாண்ணா?"

அடித்தேன் என்றேன்.

சங்கிலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அப்ப அதுக்கு இப்ப செவலை பிரச்சினையில்ல. நீங்கதான். பதிமூணு நாள்ல அத்த நீங்க மாத்த முடியாது. வூட்ல வேற யாரு?"

"சம்சாரம். வெளியே வரமாட்டா."

"கேட்டுப் பாருங்க."

கேட்கிற மாதிரியான வீடு இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

3-7-67, திங்கள்

கேட்டேன். அவள் கேட்கிற வழியிலேயே.

கங்கம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜிம்மி. நான் கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, "ஜிம்மி, என் கையில சங்கிலி இருந்தா உன்னை வண்டியில ஏத்திடுவாங்களாம். அம்மா பிடிச்சா பிழைச்சுக்குவியாம்" என்றேன். பைத்தியக்காரன் மாதிரித்தான் இருந்தது. விடவில்லை. ராஜப்பா சொன்னது அத்தனையும் சொன்னேன். தூரம், ஈரல், திரும்பி நடப்பது, தளர்ந்த சங்கிலி. ஒன்று விட்டுப்போய் மறுபடி சொன்னேன். அடித்ததும் என் தப்பு என்றேன்.

அவள் கை ஒரு இடத்தில் நின்றது, மறுபடி உரித்தது.

5-7-67, புதன்

ஷிப்டு விட்டு வந்தேன். ஆணியில் சங்கிலி இல்லை. வீட்டில் யாரும் இல்லை. வண்டிதான் வந்துவிட்டது என்று வெளியே ஓடினேன்.

தங்கவேலு சொன்னார்: "மேட்டுப் பக்கம் போச்சு ரெண்டும். அந்தம்மா முக்காடு போட்டுகினு போவுது."

பதினோரு மாதத்துக்குப் பிறகு.

9-7-67, ஞாயிறு

பின்னாலேயே போய் ஒளிந்து பார்த்தேன். இரண்டு விரலில்தான் பிடிக்கிறாள். சங்கிலி மண்ணில் இழுபடுகிறது. செவலை நாற்பது அடியில். ஜிம்மி பார்த்தது, அவளை அண்ணாந்து பார்த்தது, ஈரல் வாங்கிக்கொண்டது. காற்று மாறியது. என் வாசனை பட்டிருக்கும். மறுகணம் என் பக்கம் திரும்பி ரோமம் சிலிர்த்துப் பல்லைக் காட்டியது. அவள் நான் நின்ற பக்கம் பார்க்காமலே அதைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இனிப் போகமாட்டேன்.

15-7-67, சனி

தசரதன் காலை எட்டு மணிக்கு வந்தார். வண்டியும் வந்தது. நான் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. லைன் முழுக்க வெளியே நின்றிருக்கவேண்டும், பேச்சுக் குரல் கேட்டது, அப்புறம் அதுவும் அடங்கியது. ஒரு நாய் குரைத்தது. ஜிம்மி இல்லை, செவலை. எனக்கு அந்தக் குரல் தெரியும். கையில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் கதவுத் தாழ்ப்பாள்.

கால் மணி நேரம் கழித்துத் தசரதன் தட்டினார். "பரவால்ல, வுட்டுட்டேன். ஆனா சங்கிலி அந்தம்மா கையிலதான் இருக்கணும். நீங்க புடிக்கக் கூடாது. அப்படித்தான் எழுதிகினு கீறேன்."

சரி என்றேன். உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன்.

24-7-67, திங்கள்

இப்போதெல்லாம் இரண்டு வேளையும் போகிறார்கள். வழியில் பெண்கள் பேச்சுக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. வீட்டில் நாயிடம் பேசுவது குறைந்துவிட்டது. ஆக, எனக்கு வருகிற சேதியும் குறைந்துவிட்டது.

1-8-67, செவ்வாய்

நாளை மறுநாள் வாசுவுக்கு வருஷம்.

காலை ஷிப்டு விட்டு லைன் வழியாக வந்துகொண்டிருந்தேன். எதிரில் அவர்கள். ஒதுங்க வழியில்லை, இரண்டு பக்கமும் வேலி. ஜிம்மி என்னைப் பார்த்துவிட்டது. உடம்பு விறைத்தது. நானும் நடந்துகொண்டேதான் இருந்தேன், கால் நிற்கவில்லை.

கங்கம்மா தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கியே நில்லுங்க" என்றாள். என்னிடம். நாயிடம் இல்லை.

நின்றேன். முப்பது அடி இருக்கும். அவள் சங்கிலியை இன்னும் கொஞ்சம் தளர விட்டாள். ஜிம்மி என்னைப் பார்த்தது, குரைக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துண்டு ஈரல் எடுத்து அதற்குக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம், மூன்று பேரும். பிறகு அவள் அதைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். அவர்கள் வீட்டுக்குள் போகிற வரை நான் அந்த இடத்திலேயே நின்றிருந்தேன்.