பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ சொல்லாத பாறை

ஏழு கடலுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வந்த என் அருமை மச்சானே, யாங்கோன் நகரத்துத் தாமுவே தெருவின் ஒரே உண்மைவிளம்பியே, முத்து,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் இங்கே நான்.

முதலில் ஊர்ச் செய்தி. மின்சாரம் வருவதும் போவதும் இன்னும் அதன் இஷ்டம்தான். டீக்கடையில் உன் முக்காலியில் நான் யாரையும் உட்கார விடுவதில்லை. ஒரு நாள் தடியன் ஒருத்தன் உட்கார்ந்தான்; நான் பார்த்த பார்வையில் அவன் லுங்கி தானாக அவிழ்ந்து விழுந்தது. இதை நீ நம்ப வேண்டாம். அடுத்து எழுதப்போவதை நம்பு.

நான் ஏறிவிட்டேன், மச்சான். உன் மலையில்.

ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்ட உன் மகள் வள்ளிதான் கூப்பிட்டாள். "மாமா, திதி வர்றதுக்கு முன்னாடி அப்பா ஏறுன மலையில நானும் ஏறணும். அப்பா கதையை முழுசா சொல்லத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க இல்லாம போக மாட்டேன்" என்றாள், பாதி பர்மியிலும் பாதி தமிழிலும். நான் இல்லாமல் ஆல்ப்ஸ் மலை ஒரு நாள்கூட நிற்காது என்று எனக்கும் தெரியும். கிளம்பிவிட்டேன்.

உன் கதை எனக்கு மனப்பாடம். நீ வேலை பார்த்த கப்பல் பழுதாகி இத்தாலித் துறைமுகத்தில் கிடந்தபோது உன் எஞ்சினியர் எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் இருந்த தன் ஊருக்கு உன்னை அழைத்துப் போனார். அங்கே ஒரு மலையிடுக்கு. அடியில் ஆறு இரைந்துகொண்டு ஓடும், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. பாறையோடு ஒரு இரும்பு வடம், காலுக்கு இரும்புக் கம்பிப் படிகள். இடுப்பு வாரிலிருந்து இரண்டு கொக்கிகளை வடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கழற்றி மாற்றும்போது மற்றது பிடித்திருக்கும். அப்படியே மேலே, மேலே. பிறகு ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பிப் பாலம். "பாலம் வரைக்கும்தான் மச்சான் கஷ்டம். தாண்டிட்டா சந்தைக்கு நடந்து போற மாதிரி" என்பாய்.

சாட்சிக்கு உன் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், அந்தப் போட்டோ. ஹெல்மெட்டும் கொக்கியுமாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாய். உன் தோளுக்குப் பக்கத்தில் பாறையில் வெள்ளையாக ஒரு வட்டம், பர்மிய எழுத்து 'வ' மாதிரி, காம்பஸ் வைத்துப் போட்டதுபோல.

நம் இரண்டு பேரின் அந்தஸ்து ஊருக்கே தெரியும். நான் வாயைத் திறந்தால் யாங்கோன் ஆற்றில் திமிங்கலம் வரும். அதனால் நான் கதை சொன்னால் எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீ தலையாட்டினால் உண்மை. நீ குனிந்து டீயை உறிஞ்சினால் புளுகு. என் வாழ்க்கை முழுவதும் உன் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது, மச்சான். உன் கதைக்கு மட்டும் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை.

சரி, மலைக்கு வருவோம். வண்டி நிறுத்துகிற இடத்திலேயே ஒரு சின்னப் பாறை. என்னைவிட ஒரு முழம் உயரம் இருக்கும். அதில் வாண்டுகள் கொக்கி மாட்டித் தொங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. என்ன எழுதியிருக்கிறது என்று வள்ளியைக் கேட்டேன். "குழந்தைங்க பழகுற பாறை மாமா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பாறையைப் பார்த்தேன். வெள்ளை வட்டம். காம்பஸ் வைத்துப் போட்டதுபோல.

வள்ளி நிமிர்வதற்குள் ஓடிப்போய் அந்த வட்டத்தின் மேல் முதுகைச் சாத்திக்கொண்டேன். கடவுள் எனக்கு இத்தனை அகலமான முதுகைக் கொடுத்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஏன் மாமா பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"கும்பிடுறேன்டி."

"முதுகாலயா?"

"இந்த ஊர் மலைக்கு அப்படித்தான். நீ முன்னால நட."

நடந்தாள். நான் பக்கவாட்டில் நண்டுபோல நகர்ந்து பின்னால் போனேன். போகும்போதே உனக்காக வக்கீல் வேலையும் பார்த்தேன். போட்டோவைக் கீழே எடுத்திருப்பான், ஏறும்போது கேமராவை எப்படித் தூக்குவது, பிறகு ஏறியிருப்பான். என் மச்சான் பொய் சொல்ல மாட்டான்.

ஏறினோம். என் பிடியில் இரும்பு வடம் வீணைபோல ஒலித்தது. கீழே ஆறு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது; வள்ளி கேட்கவில்லை என்கிறாள், எனக்குக் கேட்டது. ஆனால் நீ சொன்னதெல்லாம் அப்படி அப்படியே இருந்தது. இடது பக்கம் சின்ன அருவி, இருந்தது. மூக்கு மாதிரி நீண்ட பாறை, இருந்தது. கம்பிப் பாலம், அதுவும் இருந்தது. பாலத்தின் நடுவில் நின்று மனசுக்குள் உன்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

அங்கிருந்து திரும்பிக் கீழே பார்த்தேன். வண்டி நிறுத்துகிற இடம் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் அங்கிருந்து பார்த்தால் அருவி தெரியும், மூக்குப் பாறை தெரியும், பாலமும் தெரியும்.

பாலத்தைத் தாண்டியதும் மலையிடுக்கு வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் கீழேயிருந்து ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. அங்கே சந்தை இல்லை, மச்சான். தலைக்கு மேல் குடைபோலக் கவிந்து, ஆளை வெளியே பிடித்துத் தள்ளுகிற பாறை ஒன்று இருக்கிறது. அதில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு தரம் அதைத் தாண்டினவன் செத்தாலும் மறக்க மாட்டான். கதையில் விடவும் மாட்டான்.

"அமலே!" என்று பர்மியில் அம்மாவைக் கூப்பிட்டாள் வள்ளி. என் பக்கம் திரும்பினாள். "மாமா, அப்பா இதைச் சொல்லவே இல்லையே?"

வடத்தைப் பிடித்த கை மரத்துப்போயிருந்தது. கண்ணில் வியர்வை. அவள் முகத்தைப் பார்த்தேன். அப்பாவைத் தேடி இத்தனை உயரம் வந்த பிள்ளை. நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அவளுக்கு அப்பா இரண்டாம் தரம் சாவான்.

"அப்ப இது இல்லடி. பாறை இப்பதான் வளந்திருக்கு."

"பாறை வளருமா மாமா?"

"ஏன், நீ வளரல?"

சிரித்துவிட்டாள். சிரித்ததில் கேள்வியைக் கீழே ஆற்றில் போட்டுவிட்டாள். உச்சியில் போய் உட்கார்ந்ததும், "இந்தக் காத்தைத்தானே அப்பாவும் குடிச்சிருப்பாரு?" என்று அழுதாள். நான் தலையாட்டினேன். உன் வேலை, மச்சான். உனக்குச் சாட்சியாக நான் தலையாட்டினேன்.

ஊர் திரும்பினேன். உன் திதி நல்லபடியாக நடந்தது. சாப்பாடு முடிந்ததும் மாவ்பியிலிருந்து வந்த உன் தம்பி ஆரம்பித்தான்: "என்ன கோபாலண்ணே, ஆகாயத்தைத் தொட்டீங்களா, கிழிச்சீங்களா?" எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் முதல் தடவையாக மிகைப்படுத்தத் தேவையில்லாத கதை ஒன்று என் கையில் இருந்தது. அதை நான் பாலத்தோடு நிறுத்தினேன். "அதுக்கு அப்புறம் சந்தைக்குப் போற மாதிரி" என்றேன். "இவ்வளவுதானா?" என்று எழுந்து கை கழுவப் போனார்கள்.

அடுப்படியில் சரோஜா பிடித்துக்கொண்டாள். என் தங்கை, உன் பெண்டாட்டி.

"ஏண்ணே அந்தக் கவுந்த பாறையைச் சொல்லல? வள்ளி வீடியோ அனுப்பியிருந்தாளே."

"மறந்துட்டேன்."

"யாரு, நீயா? பொய் சொல்லாத. உன் மச்சான் ஏறலன்னு எனக்குத் தெரியும்ணே."

கையில் இருந்த தட்டு நழுவியது.

"கப்பல்லேருந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. கால் ஆடிப்போயி பழகுற பாறையிலயே நின்னுட்டேன்னாரு. மாடி பால்கனியில துணி எடுக்கக்கூடக் கை நீட்ட மாட்டாரே, நீ பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். ஆம்பளைத் திமிர் என்று நினைத்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட மட்டும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீ சிரிப்பியாம்."

சிரித்திருப்பேன், மச்சான். ஒரு மாதம் சிரித்திருப்பேன். டீக்கடை இடிந்து விழும்படி சிரித்திருப்பேன். அதற்குப் பிறகு? பொய்யில் இந்த நகரத்துக்கே சக்கரவர்த்தியான நான் உன் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். "பயந்துட்டேன்டா, ஒரு கதை கட்டிக் கொடு" என்று கேட்டிருந்தால் அந்தக் கவிந்த பாறையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்க மாட்டேனா? நீயே உட்கார்ந்து, அரைகுறையாக, பாலத்தோடு அறுந்துபோகிற ஒரு கதையைக் கட்டி அதை எனக்கே விற்றாயே. என் ஒவ்வொரு புளுகுக்கும் டீயைக் குனிந்து உறிஞ்சினாயே, அப்போது உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய்? சிரித்துக்கொண்டிருந்தாயா? இல்லை, எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட வாய்வரை வந்து வந்து போனதா?

இதைத் தமிழில் எழுதுவது காரணத்தோடுதான். வள்ளி தமிழ் பேசுவாள், படிக்க வராது. நம் குடும்பத்தில் இந்த எழுத்துத் தெரிந்தவர்களாக நீயும் நானும்தான் இருந்தோம். இதைப் படிக்கிற மற்ற தமிழ்ப் பெருமக்கள் தயவுசெய்து யாருக்கும் பர்மியில் வாசித்துக் காட்ட வேண்டாம்.

இனி என் வாக்கு. வள்ளிக்கு அவள் அப்பா அந்த மலையில் ஏறியவனாகவே இருப்பான். அதற்கு நான் பொறுப்பு. அந்தக் கவிந்த பாறையை எப்படித் தாண்டினேன், எந்த இடத்தில் கை விட்டது, எந்தக் கொக்கி பிடித்தது, அப்போது நான் யார் பெயரைச் சொல்லிக் கத்தினேன், எல்லாவற்றையும் அன்றைக்கே அடுப்படியில் சரோஜாவிடம் சொல்லிவிட்டேன். கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் கேட்டாள். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கோபம் ஆறாத,
உனக்குத் தங்கையைக் கொடுத்த மைத்துனன்,
கோபால்