சோதித்தவர் என்ற வரியில் என் பெயர்

இந்தப் பெட்டியை எத்தனை தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் மீன் வாடை போகவில்லை. விழிஞ்ஞம் ஐஸ் பிளாண்டிலிருந்து நாம் இரண்டு பேரும் ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த அதே பெட்டி. இத்தனை நாளும் என் வீட்டுப் பரணில் கிடந்தது. போன வாரம் இறக்கி மேசைமேல் வைத்தேன். உன் ஞாபகத்தில் அல்ல, உன்மேல் வந்த கோபத்தில்.

ஐஸ் அறையின் குளிரைக் கண்காணிக்க நம் ஆபீஸ் செய்து கொடுத்த சின்னக் கம்ப்யூட்டர் அது. வேலை இருக்கும்வரை சமர்த்தாக ஓடும். வேலை ஓய்ந்து பிராசஸர் கொஞ்சம் தூங்கப் போனால், அப்படியே உறைந்துவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. கரண்டைப் பிடுங்கிச் சொருகினால்தான் உயிர் வரும். கோளாறு உள்ளே இருந்த சர்க்யூட் போர்டிலேயே இருந்தது. ஆனால் விற்ற போர்டுகளைத் திரும்ப வாங்க ஆபீஸ் தயாராக இல்லை. அதனால் இயங்குதளத்தின் அடித்தட்டில், கெர்னலில், பேட்ச் என்கிற சின்னத் திருத்தம் ஒன்றை எழுதிச் சமாளிக்க உட்கார்ந்தோம். தூங்கி எழ அதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் போதும் என்றாய். நீ எழுதினாய், நான் ஓட்டிப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தானே செய்தோம்.

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு நடுவே நின்று சொன்னேன்.

"எடீ, பின்னயும் நின்னுபோச்சு. உன் பேட்சுக்கு அது அடங்கல."

"சாரமில்லடீ, பாத்துக்கலாம். முதல்ல சாயா குடி."

எதற்கும் அதே பரவாயில்லைதான்: பஸ் போனாலும் உனக்குச் சாரமில்லை, மானேஜர் கத்தினாலும் சாரமில்லை. நானும் சாயாவைக் குடித்துவிட்டு விஷயத்தை உன்னிடம் விட்டேன். அடுத்த மாதமே வேறு ஆபீசுக்கு மாறிவிட்டேன்.

பிறகு எலிக்காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று. பதினாறாம் நாள் காரியத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மோளே, இவ எழுதினது உலகத்துல உள்ள கம்ப்யூட்டர்ல எல்லாம் உண்டாமே. கூட உன் பேரும் உண்டாம்." துக்கத்தில் என்னையும் சேர்த்துக்கொள்கிறார் என்று நினைத்து அழுதேன்.

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. பேட்சை எழுதியவரைத் தவிர இன்னொருவரும் தன் மெஷினில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால், 'சோதித்தவர்' என்று அவர் பெயரையும் கீழே போடுவது கெர்னல்காரர்களின் முறை. உலகமே எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கெர்னலுக்கு நீ அனுப்பிய பேட்சில் அந்த வரியில் என் பெயரும் பழைய ஆபீஸ் முகவரியும் இருக்கின்றனவாம். அவர் இணையத்தில் தேடிப்பிடித்து எழுதியிருந்தார். "பேட்ச் போட்ட பிறகும் என் போர்டு உறைந்தது. அதைத் தூக்கிப் போட்டாயிற்று. நீங்கள் உண்மையிலேயே சோதித்தீர்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்." மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்கு முகம் எரிந்தது.

இணையத்தில் கெர்னல் பதிவில் போய்ப் பார்த்தேன். எழுதியவர் நீ, சோதித்தவர் நான்.

நின்றுவிட்டது என்று உன் முகத்துக்கு நேரே சொன்னவளடி நான். அதை ஓடியது என்று என் வாயாலேயே சொன்னதாக ஊருக்கெல்லாம் எழுதிவிட்டாய். பேட்ச் தப்பாகப் போனதற்கு எனக்குக் கோபமில்லை, அது யாருக்கும் நடக்கும். என் சொல்லை எடுத்துத் திருப்பிப் போட்டாயே, அது துரோகம். அதன் பிறகும் தம்பானூரில் என்னோடு ஒரே தட்டில் மசால்தோசை தின்றாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. சண்டை போடலாம் என்றால் ஆளும் இல்லை. நன்றாகத் தப்பித்துக்கொண்டாய்.

அவருக்குப் பதில் எழுதினேன். "சோதித்தேன். உறைந்துவிட்டது. அந்த வரி என்னைக் கேட்காமல் போட்டது." உன் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் அனுப்பாமல் வைத்திருந்தேன். பிறகு அனுப்பிவிட்டேன்.

இப்போது உன் பேட்சை எடுத்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறேன். பிராசஸரை ஆழ்ந்து தூங்கவே விடாத பேட்ச். பெட்டி சூடாகிறது, மீன் வாடை கூடுகிறது, ஆனால் இதுவரை நிற்கவில்லை. இனி அனுப்ப வேண்டியதுதான். இதற்கும் ஒரு 'சோதித்தவர்' இருந்தால் நல்லது. இந்த போர்டின் குணம் தெரிந்த ஆள் என்று எனக்கு இருந்தது நீ ஒருத்திதான். அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். இருந்திருந்தால் இப்போதும் உன் பெயரைத்தான் போட்டிருப்பேனடி. உன்னைக் கேட்டுவிட்டு.