கடைசிப் பாட்டுக்குக் கறுப்பு பீர்

ஏப்ரல் 6
காலையில் போத்தனூர் போனேன். டோரின் அம்மா, தன் கணவர் சேர்த்து வைத்த ராக் இசைத்தட்டுகள் நாற்பத்திரண்டையும் கொடுத்துவிட்டார். ரயில்வேயில் இருந்த மனிதர். ஒவ்வொரு உறையிலும் வாங்கிய தேதியை எழுதியிருக்கிறார்.
"கலீல், எடைக்குப் போட்டுறாதே. கேக்கறவங்க கையில குடு."
எடைக்குப் போடுகிறவனாகத்தான் உக்கடத்தில் தொழிலைத் தொடங்கினேன். அது அவருக்கும் தெரியும்.
"போடமாட்டேனுங்கம்மா."

ஏப்ரல் 13
சசிதர் வீடு. என் பழைய சாமான் கடைக்கு வருகிற மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. பெங்களூரின் சின்ன ஆலைகளில் காய்ச்சிய கிராஃப்ட் பீர் ஐந்து வகை, நண்பர்கள் எட்டுப் பேர். எந்த பீருக்கு எந்த இசைத்தட்டு என்று சொல்வது நான்.

நான் குடிப்பதில்லை. வாழ்நாளில் தொட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வேன். "கசப்பு வாயில வெச்சதும் வருதுங்களா, முழுங்குன பொறகுங்களா?" கடைக்கு வருகிறவனிடம் நாலு கேள்வி கேட்டால், அவனுக்கு என்ன வேண்டுமென்று அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இதுவும் அதுதான்.

தட்டின் ஓரத்துப் பாட்டு பளிச்சென்று கேட்கும். ஊசி நடுவுக்குப் போகப் போக ஒலி மங்கும். அதனால் ஓரத்துப் பாட்டுக்கு வெளிர் பீர். நடுவில் முடிகிற மெதுவான பாட்டுக்குக் கருகல் வாசம் அடிக்கிற கறுப்பு பீர். இன்று கடைசித் தம்ளரின்போது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மிளகாய் பஜ்ஜி ஆறிக் கிடந்தது.

கிளம்பும்போது சசிதர் கையைப் பிடித்துக்கொண்டார். மே 10 அன்று பெங்களூரில் ஒரு மதுக்கூடத்தில் நூறு பேருக்கு இதே நிகழ்ச்சியாம். "அழைப்பு அட்டையில உங்க பேருதானுங்க பாய். தேர்வு, கலீல் ரஹ்மான்!"

ஏப்ரல் 14
மனைவி உஸ்மாவிடம் சொன்னேன். "பீர் அட்டையிலயா பேரு? ஜமாத்துல பாத்தா மெடல் குத்துவாங்க, போங்க" என்று சிரித்தாள்.
சிரிக்கட்டும். முப்பது வருஷமாகப் 'பழைய சாமான் பாய்'. அந்த நாலு வார்த்தைக்கு மேல் என்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? நாலா? மூன்றுதான்.

ஏப்ரல் 27
டோரின் அம்மாவின் தட்டுகளில் பன்னிரண்டைக் கழுவி, காயவைத்து, வரிசை எழுதி சசிதருக்கு அனுப்பினேன். அட்டை வந்தால் டோரின் அம்மாவுக்கும் ஒன்று வேண்டுமாம்.

மே 3
அட்டை போனில் வந்தது. 'தேர்வு: சசிதர்.'
கூப்பிட்டேன். "தப்பா நெனைக்காதீங்க பாய். குடிக்காதவரு பீருக்குப் பாட்டு எடுத்தாருன்னு போட்டா எவனுங்க நம்புவான்?"
நியாயம்தானே? இல்லை. அன்றைக்கு எட்டுப் பேர் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, என்னை யாரும் ஊதச் சொல்லிப் பார்க்கவில்லையே.

மே 8
பெங்களூரிலிருந்து சசிதர் பேசினார். "இங்கயும் வெயில் தாங்கலீங்க. தட்டு வளைஞ்சுபோயிருமேன்னு பீர் பீப்பா இருக்கற குளிர் அறையிலயே அடுக்கிப்போட்டேனுங்க. அன்னிக்கு அப்படியே எடுத்துப் போட்டுக்கலாமுங்கல்ல?"

குளிரிலிருந்து எடுத்ததும் தட்டு வேர்க்கும். ஈரத்தோடு துடைத்தால் தூசி சேறாகிக் கோடுகளில் அப்பும். இன்றைக்கே வெளியில் எடுத்து வைத்தால் தீர்ந்தது. ஒரே ஒரு வரி. நாக்கு நுனியில் இருந்தது.
"உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றேன்.

மே 9
இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். அட்டையில் அவர் பெயர்தானே இருக்கிறது — அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

மே 10
சொல்லவில்லை.

மே 11
அந்த எட்டுப் பேரில் ஒருவரான உதய் கூப்பிட்டார். "மொதப் பாட்டுலயே ஊசி தாவுச்சுங்க பாய். சசி ஒவ்வொரு தட்டா மாத்தி மாத்தித் துண்டுல தொடைக்கறான், தொடைக்கத் தொடைக்கக் கரகரங்குது. கடைசியில செல்போனை மாட்டிப் பாட்டுப் போட்டானுங்க!"
வாய்விட்டுச் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் டோரின் அம்மா நினைவுக்கு வந்தார்.

மே 15
பெட்டி திரும்பி வந்தது. உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. அந்த மனிதர் மையால் எழுதிய தேதிகள் நீலத் திட்டாகிவிட்டன. திரும்பக் கழுவியதில் நாலு தேறியது. மற்ற எட்டிலும் ஊசி இழுத்த கீறல். கறுப்பு பீருக்கு எடுத்த பாட்டைப் போட்டுப் பார்த்தேன். பாட்டு எங்கேயோ கரகரப்புக்கு அடியில் கிடக்கிறது.
எடைக்குப் போடமாட்டேன் என்று சொன்னேன். போட்டிருந்தால் எவனாவது தெரியாமல் கெடுத்திருப்பான். நான் தெரிந்தே கெடுத்துப்போட்டேன்.

மே 18
வந்திருந்த நூறு பேருக்கும் சசிதர் மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறார். உதய் எனக்கு அனுப்பிவைத்தார்.
'இசைத்தட்டுகள் பழுதாக இருந்தமைக்கு வருந்துகிறோம். தட்டுகளைத் தேர்வு செய்தவர்: கலீல் ரஹ்மான், உக்கடம், கோவை.'
சண்டை போடலாம் என்று போனை எடுத்தேன். என்னவென்று போடுவது? தட்டு நன்றாகத்தான் இருந்தது, வேர்க்கும் என்று எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றா?
உஸ்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கடிதத்தில் என் பெயர் மட்டும்தான் கண்ணில் பட்டது. "ஏனுங்க, பேரு வந்துருச்சாட்ட இருக்குது?"
"வந்துருச்சு" என்றேன்.