நாற்பத்தொரு கிலோ களவா

மூன்றாம் கடலடி நிலையம், ஏழுகல் பவளத்திட்டு. ஆழம் 28 மீட்டர். பணியில் ஒருவர்: அ. வியாகுலம் மச்சாது.

2071 மார்ச் 9, காலை 07:10

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. வெளிநீர் 31 டிகிரி. வடக்கு மீன்பொறியைத் தூக்கும் கப்பி பன்னிரண்டு நாளாகச் சிக்கிக் கிடக்கிறது. புகார் எழுதவில்லை. எழுதினால் உதவிக்குக் கஸ்பாரை அனுப்புவார்கள்.

இதைக் கண்டெடுப்பவர் யாரோ, அவரிடம் ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்தொரு வயது, இரண்டு முனைவர் பட்டம். இன்று காலை நாற்பது நிமிடம், அடுத்தவன் பிடித்த மீனின் படத்தைத் திரையில் பெரிதாக்கி அடிக்கோல் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

அடுத்தவன் என்றால் கஸ்பார் மோத்தா. ஆறு கிலோமீட்டர் தெற்கே நான்காம் நிலையத்தில் தனியாக இருக்கிறான். என்னைவிட ஏழு வயது இளையவன், ஏழு மடங்கு முடி உள்ளவன். படத்தில் ஒரு களவா மீனைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அணைத்தபடி நிற்கிறான். நாற்பத்தொரு கிலோவாம். என் அளவில் முப்பத்தெட்டு. அதற்கு மேல் ஒரு கிராம் கிடையாது.

06:50-க்குக் கரைக் கட்டுப்பாட்டறையிலிருந்து ஜெசிந்தா: "டாக்டர் சார், கஸ்பார் சார் மீனப் பாத்தீயளா? கன்ட்ரோல் ரூம் சுவத்துல ஒட்டியாச்சு. உங்க படம் இருந்த எடத்துலதான். அங்கதான சார் நல்ல வெளிச்சம்."

கஸ்பாரிடமிருந்து மூன்று குரல் செய்திகள் வந்து கிடக்கின்றன. கேட்கவில்லை. ஜம்பத்தைக் காதாலும் கேட்க வேண்டுமா?

மார்ச் 10, பகல் 11:25

சரக்குக்கூடு தெற்கிலிருந்து வந்தது. உள்ளே சோதனை மாதிரியாகக் களவாவின் ஈரல், கூடவே பாதி மீன், தலையோடு. நஞ்சுச் சோதனைப்பெட்டி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அவன் அனுப்பும் மாதிரியும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். சீட்டில் எண் மட்டும்: 4417. யார் பிடித்தது, எங்கே என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். திறக்கவில்லை. அவன் பெயர்தான் சுவரிலேயே இருக்கிறதே.

ஈரலைப் பெட்டியில் வைத்தாயிற்று. முடிவு வர எழுபத்திரண்டு மணிநேரம்.

மாலை 18:40

அவன் மீனைத் தொடுவதில்லை என்று சபதம். அரைமணி நேரம் நின்றது. பிறகு தலைக்குழம்பு வைத்தேன், புளி கொஞ்சம் தூக்கலாக. முடிவு வரும்வரை உண்ணக்கூடாது என்பது விதி. நாங்களோ மாதிரி போக மீதியைச் சட்டியில் போட்டே பழகியவர்கள். இருபத்திரண்டு ஆண்டாக ஒரு மீனும் மோசம் செய்ததில்லை.

ருசி அபாரம். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 11, காலை 08:05

விடியுமுன்னே வயிறு போனது, மூன்று முறை. குற்றம் புளியின் மேல்.

குளிர்நீர்க் குழாய் பழுது. கை வைத்தால் சுடுகிறது. அளவி 19 டிகிரி என்கிறது, அளவியும் பழுது. காபியோ பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஜெசிந்தாவிடம் சொன்னேன். "இங்க எல்லாம் சரியாத்தான் சார் காட்டுது. கஸ்பார் சார் நேத்துலேருந்து உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு வார்த்த பேசுங்களேன்."

பேசுவதற்கென்ன, நாக்கு என்ன வாடகைக்கு எடுத்ததா? பேசவில்லை.

மார்ச் 12, காலை 09:30

உதடு மரத்திருக்கிறது. உள்ளங்கையில் அரிப்பு. முழங்கால் என்னுடையதில்லை. வயதாகிவிட்டது என்று எழுதிவைக்கிறேன். கஸ்பாருக்கு ஆகவில்லை என்றும்.

புயல் எச்சரிக்கை. 15-ஆம் தேதிவரை படகு இறங்காது.

மார்ச் 13, பகல் 11:31

பெட்டி மணியடித்தது. திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: "மாதிரி 4417. பவளமீன் நஞ்சு. அறியப்படாத வகை. வீரியம் பழைய வகையைப்போல் எட்டு மடங்கு. உண்ணத் தகாது."

குழாய் பழுதில்லை. அளவியும் பழுதில்லை. இந்த நஞ்சு ஏறினால் சூடு குளிராகும், குளிர் சூடாகும், உதடு மரக்கும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தியவன் நான்.

கண்டெடுப்பவருக்காக அந்தப் பாடம், கடைசியாக ஒரு முறை. செத்த பவளத்தின்மேல் பாசி படரும். பாசியில் கண்ணுக்குத் தெரியாத ஓருயிரி குடியிருக்கும். நஞ்சைச் செய்வது அதுதான். கிளிமீன் பாசியை மேயும். களவா கிளிமீனை விழுங்கும், ஒன்றல்ல, ஆயுசு முழுக்க ஆயிரம். ஒவ்வொன்றும் கொண்டுவந்த துளி வெளியேறாமல் ஈரலிலும் சதையிலும் தங்கும். களவாவுக்கு ஒன்றும் ஆகாது. கொழுத்து அழகாக இருக்கும். மணம் இல்லை, ருசி மாறாது, கொதிக்கவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. பொறாமையை இதைவிட ஒழுங்காகச் சேர்த்துவைக்கும் பிராணியாக நான் கண்டது என்னைத்தான்.

நாடி 46.

பிற்பகல் 14:50

இன்னும் கஸ்பாருக்குச் சொல்லவில்லை. மீதிப் பாதி அவனிடம் இருக்கிறது.

காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். புதுவகை நஞ்சுக்கு, அந்த மீனைப் பிடித்தவர் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். முடிவை அறிவித்த நொடியில் அது மோத்தா நஞ்சு. பாடப்புத்தகத்தில், பரீட்சையில், என்றென்றைக்கும். தின்றவன் நான், பெயர் அவனுக்கா?

பெட்டியில் ஒரு விசை இருக்கிறது. அழுத்தினால் முடிவு அழியும். விரல் அதன்மேல் மூன்று மணிநேரமாக இருக்கிறது. மரத்திருப்பதால் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அவன் இந்நேரம் சட்டியை ஏற்றியிருப்பான். அவன் வைக்கும் குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருக்கும், அந்தப் பாவி.

மாலை 17:20

சொல்லிவிட்டேன். புயலில் குரல் போகவில்லை, எழுத்துதான் போயிற்று: "கஸ்பார், மீனைத் தொடாதே. நஞ்சு, புதுவகை. உன் கண்டுபிடிப்பு. வாழ்த்து."

"வாழ்த்து" என்ற சொல்லை அடிக்கப் பதினொரு முறை முயன்றேன். விரல்மேல் பழி போடுகிறேன்.

17:52, ஜெசிந்தா வழியாகப் பதில்: "கஸ்பார் சார் மீன இன்னும் ஐஸவிட்டே எடுக்கலையாம். உங்களுக்காகத்தான் காத்திருந்தாராம். என்ன சார், நீங்க சாப்பிட்டீயளா? சார்? சொல்லுங்க சார்."

நாடி 39. திரையை அணைத்தேன்.

மார்ச் 14, காலை 06:15

கண்டுபிடிப்புப் படிவத்தில் பிடித்தவர் பெயரைப் பதிவேட்டைப் பார்த்து எழுத வேண்டும். சரி, பெருந்தன்மையோடு செத்தான் என்று இருக்கட்டும். முதல்முறையாகப் பதிவேட்டைத் திறந்தேன்.

4417. களவா. 41 கிலோ. பொறி: மூன்றாம் நிலையம், வடக்கு. பிடித்தவர்: அ. வியாகுலம் மச்சாது.

நான்கு முறை படித்தேன். கண்ணும் போய்விட்டதோ என்று.

06:40

குரல் செய்திகள். முதலாவது, மார்ச் 8. "எண்ணே, கஸ்பார் பேசுதேன். ஒங்க வடக்குப் பொறி கப்பி சிக்கிக் கெடக்குன்னு சோனார்ல பாத்தேன். கேட்டா வேண்டாம்பிய, அதான் கேக்காமலே போய்த் தூக்கிட்டேன். உள்ள ராசா மாதிரி ஒரு களவா. போட்டோன்னா நீங்க ஓடிருவிய, அதுக்காக நான் நின்னுட்டேன். பொறி ஒங்களது, அதான் பதிவேட்டுல ஒங்க பேரு; ஜெசிந்தாகிட்ட இன்னும் சொல்லல, நீங்களே சொன்னாத்தான் கெத்து."

இரண்டாவது, அதே நாள். "எண்ணே, அந்தப் பக்கம் பவளம் பூராச் செத்துப் பாசி புடிச்சிருக்கு, எனக்கு மனசே சரியில்ல. பாதிய அனுப்புதேன், ஆனா பெட்டி முடிவு வராம வாயில வச்சிராதிய. என் பாதியும் ஐஸ்லதான் கெடக்கு. முடிவு வரட்டும், ரேடியோல பேசிக்கிட்டே ஒண்ணாச் சாப்பிடுவோம்."

07:05

நாடி 33. எழுத்து கோணுகிறது. விரல்கள் யாருடையவோ. வெளியே ஏதோ தட்டுகிறது. புயலாக இருக்கலாம். அவனாக இருக்கலாம், கேட்காமலே வருகிறவன். கதவுத் தாழ் எட்டவில்லை

மச்சாது நஞ்சு. நன்றாகத்தான் இரு

மூன்றாவது செய்தி ஓடுகிறது

"இன்னொண்ணுண்ணே. கோவிச்சிக்காதிய. எடை முப்பத்தெட்டுதான் இருந்துச்சு. ஒங்க பேராச்சேன்னு நாந்தான் மூணு கிலோ கூட்டி எழுதிட்டேன்."

முப்பத்தெட்டு. அளந்தது சரிதா