பதினோராம் முகாமில் யூராலஜி போஸ்டிங்

பணிநாள் 1 | 08:40

நிலவின் மறுபக்கம், பதினோராம் சுரங்க முகாம், மருத்துவ அறை. எழுதுபவர் அங்கயற்கண்ணி, எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவி. காற்றழுத்தம் சரி. வெப்பம் இருபத்திரண்டு. கதீட்டர் (சிறுநீர் இறக்கும் குழாய்) இருப்பு: பதினாறாம் எண் நான்கு, பதினான்காம் எண் இரண்டு. நோயாளிகள் இல்லை.

இங்கே எடை குறைவு. எலும்பு கரைந்து சிறுநீரகத்தில் கல்லாகச் சேரும். ஆகவே சுரங்கத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் எங்களுக்குப் பாடப்புத்தகம். கல்லூரி வாசலில் உள்ள பலகையில் நிலாவின் படத்தைப் போட்டு, கீழே எங்கள் முகங்களையும் போட்டிருக்கிறார்கள். இரண்டு வார யூராலஜி (சிறுநீரகத் துறை) போஸ்டிங்கில் மூன்று நாள் முகாம் பணி கட்டாயம். எங்கள் அணியில் நான்கு பேர்.

வந்திருப்பது நான் மட்டும்.

நால்வரின் கைப்பட்டைகளும் என் கைகளில் இருக்கின்றன, ஒரு கைக்கு இரண்டு. நாடித்துடிப்பு கிடைத்தால் போதும், வருகை பதிவாகிவிடும். யாருடைய நாடி என்று பட்டை கேட்பதில்லை. ரிஷிவர்தனும் அவன் நண்பர்கள் இருவரும் நிலவிலேயே உள்ள தலைமைத் தளத்தில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் வந்த ரிஷிவர்தனின் குரல்:

"அங்கை, நாலு பேர் டூட்டிய ஒருத்தியா பாக்குற. பெரிய மனசு உனக்கு. அங்க ஒரு கல்லு கிடைச்சா எடுத்துட்டு வா, கிட்னி கல்லு இல்ல, நிலா கல்லு!"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். மறுத்திருந்தால் மீதி வருடம் முழுக்க வகுப்பில் என்னோடு யாரும் பேசமாட்டார்கள். மறுக்கவில்லை.

பணிநாள் 1 | 15:20

சூரியப் புயல் எச்சரிக்கை. துணைக்கோள் இணைப்பு 14:05-க்கு அறுந்தது. குரல் இல்லை. தரைக்கடியில் போட்ட கேபிளில் எழுத்து மட்டும் போய்வருகிறது.

முகாமின் தொழிலாளர்கள் அனைவரும் ஆழ்நிலைக் காப்பிடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவரைத் தவிர. செபஸ்தியான், ஐம்பத்தெட்டு வயது, தாதுவண்டி ஓட்டுநர், தூத்துக்குடிக்காரர். கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். வண்டி காத்திருக்கவில்லை. தலைமைத் தளத்தின் கணினியிடமிருந்து வந்த உத்தரவு:

"முகாம் 11-இல் நால்வர் கொண்ட மருத்துவக் குழு உள்ளது. நோயாளி அங்கேயே இருக்கலாம். நோயாளி உள்ளவரை மருத்துவர் வெளியேற அனுமதி இல்லை."

மண்மூட்டை அடுக்கிய இந்த அறையில் கதிர்வீச்சால் ஆபத்து இல்லை. கழிப்பறை இன்டர்காமில் நடந்த பேச்சு:

"யம்மா, டாக்டர் ஐயா இருக்காராம்மா?"

"நான்தான் இருக்கேன். கதவத் திறங்க."

"ஆம்பள டாக்டரக் கூப்பிடு தாயி. நாலு பேரு வந்திருக்கீயன்னு போர்டுல போட்டிருக்குல்லா."

"அவங்க... வெளிய போயிருக்காங்க."

"வெளியன்னா? நிலாவுலயா? இந்தப் புயல்லயா?"

இன்டர்காமை அணைத்தேன்.

பணிநாள் 2 | 07:55

செபஸ்தியான் வெளியே வந்துவிட்டார். நடக்க முடியவில்லை. பதினெட்டு மணி நேரமாகச் சிறுநீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. மூத்திரப்பை தொப்புள்வரை கல்போல் நிற்கிறது.

காரணம் புரிந்தது. குறைந்த எடையில் தலை சுற்றாமல் இருக்க, சுரங்க நிர்வாகம் எல்லோருக்கும் ஒரு மாத்திரை தருகிறது. அது மூத்திரப்பையின் தசையைத் தளர்த்தும். இவரைப் போல ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. நாளுக்கு ஒன்று என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. மேஸ்திரி மூன்று கொடுத்திருக்கிறான். தலை சுற்றாத ஓட்டுநர் இரண்டு ஷிஃப்ட் ஓட்டுவான்.

கதீட்டர் போட வேண்டும். வேறு வழி இல்லை.

என் பயிற்சிப் பதிவேட்டில், அதாவது லாக்புக்கில், "ஆண் நோயாளிக்குக் கதீட்டர், தனியாகச் செய்தது: 12" என்று இருக்கிறது. கீழே உதவிப் பேராசிரியர் ஜெகதீசனின் கையெழுத்து. அதைக் கேன்டீனில், காபி ஆறுவதற்குள், எங்கள் அணியின் நான்கு புத்தகங்களிலும் போட்டார். உண்மையில் நான் செய்தது பூஜ்யம். ஆண்கள் வார்டில் ஒவ்வொரு நாளும் அவர் சொன்னது ஒன்றுதான்: "லேடீஸ் எல்லாம் ஸ்கிரீனுக்கு வெளிய நில்லுங்கம்மா, பேஷன்ட் கூச்சப்படுவாரு." இரண்டு வருடமாக நான் பச்சைத் திரைச்சீலையைத்தான் படித்தேன். அதில் எத்தனை கிழிசல் என்று கேட்டால் சொல்வேன்.

உள்ளே நின்ற பையன்கள் மட்டும் கற்றுக்கொண்டார்களா? அவர்கள் செல்போன் பார்த்தார்கள். செய்ததெல்லாம் வார்டு உதவியாளர்.

நாங்கள் நால்வரும் செய்தது பொம்மைக்கு மட்டும்.

பணிநாள் 2 | 09:30

தவறு செய்துவிட்டேன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

குழாய் முக்கால்வாசி போனது. தடை வந்தது. கொஞ்சம் அழுத்தினேன், நின்றது. பை வந்துவிட்டது என்று நினைத்தேன். பத்து மில்லி தண்ணீரை ஏற்றி நுனியிலுள்ள பலூனை ஊதினேன். செபஸ்தியான் கத்தினார். சிறுநீர் வரவில்லை. இரத்தம் வந்தது.

சிறுநீர் வந்த பிறகே பலூனை ஊத வேண்டும். இது குழந்தைக்கும் தெரியக்கூடிய விதி. எனக்கும் தெரியும், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் கை வேறு பாடம் படித்திருக்கிறது. எங்கள் கல்லூரிப் பொம்மையின் வயிற்றுத் தொட்டி ஒழுகும். மேசை நனைகிறது என்று அதில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. குழாயைச் செருகு, பலூனை ஊது, அடுத்த ஆள் வா. இப்படி நாற்பது முறை செய்திருக்கிறேன். சிறுநீருக்காகக் காத்திருக்க என் கைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பலூன் பைக்குள் அல்ல, வழியிலேயே விரிந்தது. வழி கிழிந்துவிட்டது.

தண்ணீரை உறிஞ்சிக் குழாயை எடுத்தேன். பிறகு அடிவயிற்றில், எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நீளமான ஊசியை நேராக இறக்கினேன். இதையும் செய்ததில்லை. படத்தில் பார்த்திருக்கிறேன். ஊசியில் மஞ்சள் திரவம் ஏறியது. ஐம்பது ஐம்பதாக உறிஞ்சி எண்ணூற்றைம்பது மில்லி எடுத்தேன்.

அறை ஒலிப்பதிவில் அவர் குரல்: "யம்மாடி... மாதாவே... இப்பத்தான் உசுரு வந்துச்சு. உன் ஊசி என்னா நீளம், ஆளைக் கொன்னுபுடுவ போல."

சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்திருக்கக் கூடாது.

பணிநாள் 2 | 13:10

தற்காலிக உதவிதான். பை மறுபடி நிறையும், கிழிந்த இடத்தில் கிருமி ஏறும். அவர் தலைமைத் தளத்தின் அறுவை அறைக்குப் போக வேண்டும். புயலில் ஓடக்கூடிய கவச ஊர்தி மொத்தம் ஒன்றே ஒன்று. ஒன்பது முகாம்கள் உதவி கேட்டிருக்கின்றன. கேபிளில் கேட்டேன். பதில்:

"முகாம் 11. முன்னுரிமை: 9/9. காரணம்: மருத்துவக் குழு நால்வர். கதீட்டர் அனுபவம் மொத்தம் 48. தகுதி: போதுமானது. ஊர்தி வருகை: 61 மணி நேரம்."

ஐந்தாம் முகாமில் கால் முறிந்த ஒருவர் இருக்கிறார். அங்கே மருத்துவர் இல்லை. அவருக்கு முதலிடம். நியாயம்தான். கணினிக்குக் கோபமும் இல்லை, சோம்பலும் இல்லை. நாங்கள் சொன்னதை நம்பியது. எங்களை நம்பிய ஒரே ஜீவன் அது.

"இங்கே இருப்பது நான் மட்டும்" என்று எழுதத் தொடங்கி அழித்தேன். எழுதினால் நால்வருக்கும் படிப்பு போகும். ஆன்டிபயாட்டிக் ஒரு ஊசி இருக்கிறது, போட்டுவிட்டேன். அது தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பணிநாள் 3 | 06:50

காய்ச்சல் நூற்று மூன்று. குளிர் நடுக்கம். நாடி நூற்று முப்பது. இரவில் மூன்று முறை ஊசி போட்டு எடுத்தாயிற்று. கடைசி முறை வந்தது கலங்கல், நாற்றம்.

போர்வை மாற்றும்போது என் கைகளைப் பார்த்தார். அறை ஒலிப்பதிவிலிருந்து:

"இதென்ன தாயி, வளையல் கணக்கா நாலு?"

"மத்த மூணு பேரோடது. அவங்க வரல. நான் கட்டிக்கிட்டு வந்தேன்."

"ஓ. ஆள்மாறாட்டமா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிற சத்தம். "நாங்களும் செய்வோம்ட்டி. ஒருத்தன் வரலன்னா அவன் கார்ட நாங்க தேய்ப்போம். ஆனா அவன் மண்ணையும் நாங்கதான் சேத்து அள்ளுவோம். உங்க மூணு பேரு மண்ண யாரு அள்ளுனா?"

திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பணிநாள் 3 | 07:30

ஜெகதீசனுக்குக் கேபிளில் எழுதினேன். நான் மட்டும்தான் இருக்கிறேன், லாக்புக் பொய், நோயாளி சாகப்போகிறார், முன்னுரிமையை மாற்றுங்கள். இருபது நிமிடத்தில் பதில்:

"அங்கயற்கண்ணி, இது கேபிள்மா. எழுதுறது எல்லாம் பதிவாகும். டென்ஷன்ல ஏதோ எழுதிட்டன்னு எடுத்துக்கிறேன், மெசேஜ டெலீட் பண்ணிட்டேன். நீங்க நாலு பேரும் அங்கதான் இருக்கீங்க. நான் கையெழுத்து போட்டிருக்கேன்ல? தைரியமா பண்ணுங்க. இது மாதிரி கேஸ் கிடைக்கிறது லக்."

கிடைத்தது அதிர்ஷ்டமாம். ஒரு மனிதனின் கிழிந்த உறுப்பு இவருக்கு அதிர்ஷ்டம். இவர் நாளை துறைத் தலைவர் ஆவார். மேடையில் சால்வை போர்த்துவார்கள். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். தட்டியிருக்கிறோம்.

பணிநாள் 3 | 08:05

கணினிக்கும் அதையே எழுதிப் பார்த்தேன், ஏற்கவில்லை. கணினி மனிதர் சொல்வதைக் கேட்காது. பட்டை சொல்வதை மட்டும் கேட்கும். பட்டைக்குத் தெரிந்த செய்தி இரண்டுதான்: துடிப்பு இருக்கிறது, துடிப்பு இல்லை.

மூன்று பட்டைகளையும் கழற்றி மேசைமேல் வைத்தேன். பத்து நிமிடம்.

"முகாம் 11. மருத்துவக் குழுவில் மரணம்: 3. முன்னுரிமை: 1/9. ஊர்தி திருப்பப்பட்டது. வருகை: 5 மணி நேரம்."

மூன்று பேரும் தலைமைத் தளத்தில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நேற்று 13:10-க்கே இதைச் செய்திருக்கலாம். பத்தொன்பது மணி நேரம். அந்த நேரத்தில் நான் என் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பணிநாள் 3 | 11:40

இரத்த அழுத்தம் எழுபது. சலைன் இரண்டாவது பாட்டிலும் முடிந்தது. கை சில்லென்று இருக்கிறது. என்னை யாரோ ஒரு ஜெசிந்தா என்று நினைத்துக் கூப்பிடுகிறார், தண்ணி கேட்கிறார். ஊர்தி வருகிறது என்று காதருகே சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பணிநாள் 3 | 12:52

நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் மார்பை அழுத்தினேன். இங்கே எடை போதவில்லை, அழுத்தினால் நான்தான் மேலே எழும்புகிறேன்.

பணிநாள் 3 | 13:50

ஊர்தி வந்தது. இரண்டு பேர். ஸ்ட்ரெச்சர் இல்லை, மருந்து இல்லை. மூன்று பிண உறைகள் கொண்டுவந்தார்கள்.

"பாடி மூணுன்னாங்க. ஒண்ணுதான் கெடக்கு? இவரு யாரு?"

சொன்னேன். உறையைப் பூட்டினால், உள்ளே யார் இருந்தாலும் அதில் எழுதியுள்ள பெயர்தான் பதிவாகும். செபஸ்தியான் பெயரில் உறை வரவில்லை. ரிஷிவர்தன் என்று எழுதிய உறையில் அவரை வைத்து மூடினார்கள். கணினி ஏற்றுக்கொண்டது.

உறையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வெளியே போனார்கள், பின்னால் நான் கதவுக்கு வந்தேன். என் பட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

"முகாம் 11. நோயாளி: செபஸ்தியான். நிலை: சிகிச்சையில். நோயாளி உள்ளவரை மருத்துவர் வெளியேற அனுமதி இல்லை."

அவர் இறந்துவிட்டார் என்று பதிந்தேன். "இறப்பை உறுதிசெய்யப் பதிவுபெற்ற மருத்துவர் தேவை." நான் மாணவி. கதீட்டர் போட மட்டும் தகுதி உண்டு.

கதவுக்கு வெளியே இருந்து: "எங்களால திறக்க முடியாது தங்கச்சி, பூட்டு தலைமைத் தளத்துலேருந்து. அஞ்சாம் முகாமுல ஆளு கெடக்கான், போவணும். சொல்லிப் பாக்கோம்."

பணிநாள் 3 | 16:00

கேபிளில் ஜெகதீசன் பதில் சொல்லவில்லை. மூன்று மரணம் என்று செய்தி போயிருக்கிறது, அவர் தன் கையெழுத்துகளைத் தேடிக்கொண்டிருப்பார். முன்னுரிமை மறுபடி 9/9.

திரையில் வந்தது: "செபஸ்தியான். 16:00 மணி சிறுநீர் அளவு நிலுவையில்."

பூஜ்யம் என்று பதிந்தேன்.

"ஏற்கப்படவில்லை. கதீட்டர் செருகவும். தகுதி: போதுமானது."

கட்டில் காலியாக இருக்கிறது. விரிப்பில் கறை. சிவப்பு விளக்கு எரிகிறது, அலாரம் நிற்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பணிநாள் 3 | 17:04

சிறுநீர் முப்பது மில்லி என்று பதிந்தேன்.

பச்சை விளக்கு. அலாரம் நின்றது.