சாமி மலையேறிய பிறகு எடுத்த ரத்தம்

அம்பத்தூர்
12.9.1984

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

தாண்டவராயன் எழுதுவது. சாலவாக்கம் போனதிலிருந்து ஒரு வரி இல்லை. பிறந்த வீட்டுச் சோறு புருஷனை மறக்கடித்துவிட்டதா?

டாக்டர் கேட்டபடி, நீ திருப்புலிவனத்தில் என் அம்மாவோடு இருந்தபோது விழுந்த அன்று எடுத்தனுப்பிய ரத்தத்தின் ரிசல்ட் வந்துவிட்டது. நிஜ வலிப்பு என்றால் ரத்தத்தில் ஏதோ ஒரு சுரப்பு ஏறுமாம். உனக்கு ஏறவே இல்லை. "நாத்து நட உடம்பு வணங்காம நடிச்சிக்கினு கீறா" என்கிறாள் அம்மா. நீ நுரை தள்ளி விழுந்ததை ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன். கண்ணை நம்புவதா, ரத்தத்தை நம்புவதா? கோபப்படாமல் சொல். நடித்தாயா?

தாண்டவராயன்

சாலவாக்கம்
17.9.1984

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை துணி மூட்டையோடு பஸ் ஏற்றிவிட்ட பிறகு எந்த முகத்தோடு எழுதுவது?

நடித்தேனா என்று என்னைக் கேட்டால்? விழும்போது நான் அங்கே இருப்பதில்லை. கண் விழித்தால் நாக்கு கடிபட்டிருக்கும், புடவை நனைந்திருக்கும், சுற்றிலும் ஊரே நிற்கும். நடிக்கிறவள் அப்படி ஒரு மானக்கேட்டையா நடிப்பாள்?

நான் பஸ் ஏறும்போது அங்கே பக்கத்து வீட்டு பாஞ்சாலி ஒன்று சொன்னாள். அன்று கம்பவுண்டர் காஜா மொய்தீன் ரத்தம் எடுக்க ஊசியோடு உடனே ஓடி வந்தாராம். "சாமி மலையேறாம ஊசி குத்தக் கூடாது" என்று அத்தை தடுத்துவிட்டாராம். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கற்பூரம் காட்டி, எல்லையம்மன் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் என் கையை நீட்டவிட்டாராம். அன்று சாமி, இன்று நடிப்பு. இதை டாக்டரிடம் சொன்னீர்களா?

சுலோச்சனா

அம்பத்தூர்
24.9.1984

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், நேரமானால் இறங்கிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்கிறார். அந்த ரத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். அடுத்த வலிப்பில்தான் எடுக்க வேண்டுமாம். உனக்கு வலிப்பு வரட்டும் என்று நான் வேண்டிக்கொள்வதா, வேண்டாம் என்றா? பைத்தியம் பிடிக்கிறது.

அப்போது எடுக்கும் ரத்தத்தில் ஏறியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து அழைத்துப் போகிறேன். அதுவரை அம்மாவிடம் என்ன சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்?

தாண்டவராயன்

சாலவாக்கம்
20.10.1984

அன்புள்ள மாமாவுக்கு,

சரஸ்வதி பூஜையன்று விழுந்தேன். அம்மா எடுத்த கற்பூரத்தை அப்பா தட்டிவிட்டு நர்ஸம்மாவை அழைத்து வந்தாராம். தலைமாட்டிலேயே ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, அப்பாவே பட்டணத்துக்குக் கொண்டு போனார். டாக்டர் உங்களுக்கும் சொல்லியிருப்பார், நிறைய ஏறியிருக்கிறதாம். வலிப்புதான். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அழைத்துப் போக வருவதாக நீங்கள் அடித்த தந்தி வந்தது. பார்த்ததும் அழுதேன். சந்தோஷமா, வருத்தமா, எனக்கே தெரியவில்லை. உங்கள் மேல் ஆசை போகவில்லை. ஆனால் ஒன்று கிடந்து அரிக்கிறது. இரண்டு தடவையும் விழுந்தவள் நான்தான். இந்த ரத்தமும் ஏறாமல் போயிருந்தால் தந்தி வந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை வர வேண்டாம். மாத்திரையை வேளா வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

சுலோச்சனா