எதிர்வீட்டுப் பிள்ளை

செவ்வாய், இரவு.

நிமோனியா தடுப்பூசி எவ்வளவு காக்கிறது என்ற ஆய்வுக்காக இன்று புன்னைக்காயல் போனேன். நிமோனியாவில் பிள்ளையை இழந்த ஜெனிட்டா தடுப்பூசி அட்டையை நீட்டினாள். மூன்று தவணையும் போட்டிருந்தது.

ஒப்பிட அதே தெருவில் நோய் வராத பிள்ளை ஒன்று வேண்டும். எதிர்வீட்டிலேயே கேட்டேன். ஜெனிட்டா பின்னாலேயே வந்ததைக் கவனிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

"ஒரு ஊசியும் போடல மேடம்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. இடுப்பில் பிள்ளை சிரித்தது.

"நான் மூணு தடவையும் தூக்கிட்டுப் போனேனே," என்றாள் ஜெனிட்டா.

ஒரு பிள்ளையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "நர்சம்மா அடுத்த வாரம் ஊசிக்கு வரச் சொல்லியிருந்தாவ. இனி போமாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டாள். படிவத்தில் அந்தப் பிள்ளைக்கு நேரே 'நலம்' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.